உறைவெதிர்ப்பியும் ஒரு குடம் பாலும்

‘ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. புரிகிறதே தவிர, சரியில்லை. வார்ஃபரின் சாப்பிடுகிறவரின் ரத்தம் தண்ணீராகிவிடுவதில்லை. அது உறைய ஆகும் நேரம்தான் கூடுகிறது. ஆகவே ‘ஆன்டிகோயாகுலன்ட்’ என்பதற்கு உறைவெதிர்ப்பி என்பதே பொருத்தம்.

லத்தீனில் ‘கோயாகுலும்’ என்றால் பாலைத் திரைய வைக்கும் பொருள். பாலாடைக்கட்டிக்காகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. நம் ‘உறை’யும் அடுக்களைச் சொல்தான். பாலில் இடும் பிரைமோருக்கு அதுவே பெயர். புறநானூற்றின் 276ஆம் பாடலில் ஆய்மகள் நகத்தால் தெறிக்கும் துளி, ‘குடப்பால் சில்லுறை’. அத்துளி குடம் பாலையும் மாற்றிவிடுவதுபோல ஒரு கிழவியின் மகன் பகைப்படை முழுவதையும் கலங்கடித்தானாம். குருதியிலும் ஏறக்குறைய இதே கதை. உறைவை நடத்தும் நொதியான த்ராம்பின் சிறிதளவு பிறந்தால் போதும். அது மேலும் மேலும் த்ராம்பினைப் பெருக்கி, கரைந்திருந்த ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரின் நார்களாக்கிவிடும். இவ்வளவு பொருந்தும் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘நீர்க்க வைப்பது’ எதற்கு?

மருந்துகளின் பெயர்களுக்கும் கதை உண்டு. ‘ஹெப்பார்’ என்றால் கிரேக்கத்தில் கல்லீரல். 1916இல் பால்டிமோரில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப்போய், நாயின் கல்லீரலில் அதற்கு நேரெதிரான ஒன்றைக் கண்டார். அந்த ஆய்வின் தொடர்ச்சியில் 1918இல் வந்த பெயர் ஹெப்பாரின். வார்ஃபரினின் முற்பாதி, ஆய்வுக்குப் பணம் தந்த விஸ்கான்சின் அறக்கட்டளையின் முதலெழுத்துகள். பிற்பாதி, ‘கூமரின்’ என்ற வேதிப்பொருளின் பெயரிலுள்ள வால். முதலில் அது எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது.

இதற்கு எதிர்த்திசையில் ‘ஆன்டிஃபைப்ரினோலிட்டிக்’ இருக்கிறது. கிரேக்க ‘லிசிஸ்’ என்றால் அவிழ்த்தல். உறைந்த கட்டியின் நார்களைப் பிளாஸ்மின் என்ற நொதி அறுத்துக் கரைக்கும். அதற்குத் தடைபோடுபவை இவை. ஜப்பானின் ஒகாமோட்டோ தம்பதியர் 1962இல் அறிவித்த டிரனெக்சாமிக் அமிலம் இவ்வகை. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் இன்றும் கைகொடுப்பது. முந்தையவை உறைவைத் தடுக்கின்றன. இது உண்டான உறைவைக் காக்கிறது. இரண்டையும் ‘ரத்தக் கட்டி மருந்து’ என்று ஒரே பையில் போடுவது ஆபத்தான சோம்பல்.

இதற்குத் தமிழ்? ‘உறைகாப்பி’ என்று எழுதிப் பார்த்தேன். குளிர்ந்த காப்பி நினைவுக்கு வருகிறது. ‘உறைவுச் சிதைவுத் தடுப்பி’ நீளம்தான், ஆனால் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.