முட்டத்துக் கறுப்பு, அகத்தி வெள்ளை

எனக்கு மிகப் பிடித்த கடற்கரைகள் இரண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்துக்கு ஓர் ஆடி மாதத்தில் போயிருந்தேன். லட்சத்தீவின் அகத்திக்குப் போனது மாசியில். முட்டத்தில் மணல் கறுப்பும் சிவப்புமாக வரிவரியாகக் கிடந்தது. மதியம் கால் வைக்க முடியவில்லை. அகத்தியில் உச்சி வெயிலிலும் வெறுங்காலோடு நடந்தேன்.

இரண்டும் மணல்தான். பிறந்த வீடுதான் வேறு.

முட்டத்து மணல் மலையில் பிறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, வள்ளியாறு போன்ற சிற்றாறுகள் வழியே கடலுக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பங்கு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர் நிறக் கனிமங்கள். கறுப்பு இல்மனைட், சிவப்புக் கார்னெட், தேன் நிற மோனசைட் எல்லாம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் கரையில் மட்டும் எப்படி இவ்வளவு குவிந்தது?

அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் விட்டுப் பாத்திரத்தை ஆட்டி ஆட்டிச் சாய்த்தால் அரிசி தண்ணீரோடு போய்விடும், கல் அடியில் தங்கும். கடல் செய்வதும் அதையேதான். அலை வேகமாக ஏறும்போது எல்லா மணியையும் அள்ளி வருகிறது. திரும்பும்போது தண்ணீரில் ஒரு பகுதி மணலுக்குள் இறங்கிவிடுவதால் ஓட்டம் மெலிந்துபோகிறது. அந்த மெலிந்த ஓட்டத்தால் குவார்ட்ஸை இழுத்துப் போக முடியும். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்குதான். இல்மனைட் சுமார் 4.7 மடங்கு, மோனசைட் சுமார் 5 மடங்கு. அவை கரையிலேயே தங்கிவிடுகின்றன. பத்து நொடிக்கு ஓர் அலை என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 8,640 முறை இந்த அரிப்பு நடக்கிறது! தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அலை முரட்டுத்தனமாகி, இலேசான மணலைக் கடலுக்குள் வாரிக்கொண்டு போகும். ஆடியில் நான் பார்த்த கறுப்பு அப்படி வெளியே வந்ததுதான்.

பக்கத்து ஊரான மணவாளக்குறிச்சியின் மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. மோனசைட்டில் தோரியம் என்ற உலோகம் உண்டு. அந்தக் காலத்து வாயு விளக்குகளில் சுடரைச் சுற்றி மாட்டும் வலையான மேண்டில் பளிச்சென்று ஒளிர அது தேவைப்பட்டது. குமரி அம்மனின் நின்றுபோன கல்யாணத்துக்கு வாங்கிய அரிசியும் பருப்பும்தான் இப்படிப் பல நிற மணலாயின என்று அங்கே சொல்வார்கள். அழகான கதை, எனக்கு அதுவும் பிடிக்கும்.

சரி, அகத்திக்கு வருவோம். அங்கே மலை இல்லை, ஆறும் இல்லை. கரையில் கிடப்பது முழுக்கச் சுண்ணாம்பு: பவளத் துண்டு, சிப்பித் தூள், சில கடற்பாசிகளின் கூடு. இதை அரைத்துக் கொடுப்பதில் கிளிமீனுக்குப் பெரிய பங்கு உண்டு. பவளப்பாறையில் படர்ந்த பாசியைத் தின்னக் கிளிமூக்கு போன்ற பல்லால் பாறையையே கடிக்கும்; தொண்டையில் இருக்கும் இரண்டாம் பல்வரிசை அதை மாவாக்கும்; சத்துப் போக மிச்சம் வெள்ளை மணலாக வெளியே வரும். பெரிய மீன் ஒன்றே ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணல் தரும். தண்ணீருக்குள் தலையை வைத்தால் அது கடிக்கும் நறநறச் சத்தம் நன்றாகக் கேட்கும். அந்த வெள்ளை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால்தான் என் கால் சுடவில்லை.

முட்டத்து மோனசைட் மணி உருவாகி 50 கோடி ஆண்டுக்கு மேல் இருக்கும். அகத்தி மணலில் போன வருஷம் பிறந்த மணியும் கலந்திருக்கும். பவளம் செழித்தால்தான் அங்கே புது மணல். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி அந்தப் பவளங்கள் வெளுத்து நலிந்துபோனதை நினைத்தால் மனம் கனக்கிறது. லட்சத்தீவிலேயே பங்காரம் என்ற தீவின் பக்கத்தில் பரளி 1 என்ற குட்டித்தீவு அரித்து அரித்து இல்லாமலே போய்விட்டது.

இரண்டு பயணத்திலும் பைமடிப்பில் கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தனித்தனித் தட்டில் உதறி வினிகரை ஊற்றினேன். அகத்தி மணல் சோடாபோல் நுரைத்துக் கரைந்தது. முட்டத்து மணல் அசையவில்லை. அதைக் காயவைத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கில் கழற்றிய காந்தத்தை மேலே பிடித்தேன். கறுப்பு மணிகள் ஒவ்வொன்றாக எழுந்துபோய் ஒட்டிக்கொண்டன.