ஏரியூட்டு வெண்பனி

நவம்பர் பிறந்துவிட்டால் நம் செய்திகளில் 'ஏரி விளைவுப் பனிப்புயல்' வந்துவிடும். கொழும்பு வெள்ளவத்தையில், கனடாவில் உறவு இல்லாத வீடு குறைவு. அந்த வீடுகளுக்குத் தேவையான செய்தி விளங்காத தமிழில் வருவதுதான் என் மனக்குறை. கடையில் பத்திரிகை வாசித்த பெரியவர் ஒருவர், "ஏரி விளைவாம்... குளம் உடைச்சுப் போட்டுதோ தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. மழையின் விளைவு வெள்ளம் என்று பழகிய காதுக்கு அப்படித்தான் கேட்கும்.

ஆங்கிலத்தில் இது 'லேக் எஃபெக்ட் ஸ்நோ'. 'எஃபெக்ட்' இலத்தீன் வழி வந்த சொல். அகராதியில் அதற்கு நேரே 'விளைவு' என்றிருக்க, அப்படியே எடுத்துச் செருகிவிட்டார்கள். நடப்பது என்னவென்று பார்க்கவில்லை.

நடப்பது இதுதான். குளிர்காலத் தொடக்கத்தில் வட அமெரிக்கப் பேரேரிகளில் கோடைச் சூடு இன்னும் மிச்சமிருக்கும். ஆர்க்டிக் குளிர்காற்று அதன்மேல் வீசும்போது வெப்பத்தையும் நீராவியையும் அள்ளிக்கொள்கிறது. நீர்ப்பரப்புக்கும் சுமார் 1,500 மீற்றர் உயரக் காற்றுக்கும் 13 பாகை செல்சியஸ் அளவு வித்தியாசம் இருந்தால் முகில் வேகமாகத் திரளும். அது காற்றுப் போகும் திசையில் ஒடுங்கிய நாடாவாக நீண்டு, கரை ஏறியதும் கொட்டும். 2014 நவம்பரில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து பஃபலோ நகரின் தென்புறநகர்கள் சிலவற்றில் 5 அடிக்கு மேல் விழுந்தது. கூரைகள் இடிந்தன, நெடுஞ்சாலையில் வாகனங்கள் புதைந்தன. சில கிலோமீற்றர் வடக்கே சில அங்குலம்தான்.

'விளைவு' வேண்டாம் என்பவர்களில் சிலர் 'ஏரிப்பனி' என்கிறார்கள். சுருக்கம், அழகு, சரி. ஆனால் பொருள் தவறுகிறது. 1977 ஜனவரியில் பஃபலோவை முடக்கிய பனிப்புயலை எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் அருகிலுள்ள ஈரி ஏரி அதற்கு முந்திய டிசம்பரிலேயே உறைந்துவிட்டது. உறைந்த ஏரியின் மேல் குவிந்து கிடந்த பனியைத்தான் காற்று நகருக்குள் வாரிக் கொட்டியது. 'ஏரிப்பனி' என்ற பெயர் அதற்கே பொருந்தும். நாம் பேசும் பனிக்கோ ஏரி உறையாமல் இருக்க வேண்டும். உறைந்தால் நீராவி பெரும்பாலும் நின்றுவிடும். 'ஏரித் தாக்கப் பனி' இன்னும் மோசம். நம் பேச்சில் தாக்கம் என்றால் சேதம். 'புயல்' என்று ஒட்டுவதும் எல்லா வேளையும் சரிவராது. பலத்த காற்றில்லாமலும் இது மணிக்கணக்கில் கொட்டும்.

என் பரிந்துரை 'ஏரியூட்டு வெண்பனி'. ஏரி ஊட்ட, முகில் வளர்ந்து பொழிகிறது. பெயரிலேயே காரணம் இருக்கிறது. ஜப்பானின் மேற்குக் கரையில் சைபீரியக் காற்று கடலில் ஈரம் ஏற்றிக் கொட்டுவதை 'கடலூட்டு வெண்பனி' எனலாம். 'கடல் விளைவு' என்று எழுதினால் உப்பு விளைவதாக நினைப்பார்கள். வெறும் 'பனி' நமக்குப் போதாது. மார்கழி விடியலில் இலையில் நிற்பதும் பனி, நுவரெலியாப் புல்லில் வெளுப்பது உறைபனி. வானத்திலிருந்து துகளாக விழுவதை வெண்பனி என்று பிரித்துச் சொன்னால்தான் தெளிவு.

இப்போதைய மொழிபெயர்ப்பில் என்னை வருத்துவது இதுதான்: சொல்லுக்குச் சொல் வைக்கிறார்கள், பொருளை ஒருமுறை படம் வரைந்துகூடப் பார்ப்பதில்லை. ஊட்டுவது ஏரி என்று தெரிந்தால், காற்று ஏரியைக் கடந்து வரும் கரைக்கே ஆபத்து என்பதும் தெரியும். ரொறன்ரோ ஒன்ராறியோ ஏரியின் வடமேற்குக் கரையில் இருப்பதால், மேற்கிலிருந்து காற்று வீசும்போது அந்த ஏரியின் பனி பெரும்பாலும் அங்கே வராது. ஹியூரன் ஏரிப் பக்கத்துக் காற்றை வாங்கும் கனடாவின் பாரி நகரிலோ அங்குள்ள லண்டன் நகரிலோ பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்குத்தான் முதலில் தொலைபேசி எடுக்க வேண்டும்.