கிராமப் பசுமை அல்ல, ஊர் மந்தை

தெற்கு லண்டன் புறநகரான மிட்சம் பற்றி ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை படித்தேன். ‘அங்குள்ள கிராமப் பசுமையில் 1685 முதல் கிரிக்கெட் ஆடுகிறார்கள்’ என்று இருந்தது. இங்கிலாந்து ஊர் எதைப் பற்றித் தமிழில் படித்தாலும் இந்தக் ‘கிராமப் பசுமை’ வந்து நிற்கிறது. பசுமை ஒரு பண்பு. அது இடத்தின் பெயர் ஆகாது.

மூலச் சொல் ‘வில்லேஜ் கிரீன்’. பழைய ஆங்கிலத்தில் கிரீன் நிறத்தைக் குறித்தது. புல், வளர்தல் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் அதே வேரில் வந்தவை. பிறகு ஊர் நடுவே புல் படர்ந்து கிடக்கும் பொது இடத்துக்கே அது பெயராகிவிட்டது. நிறத்தை விட்டு எப்போதோ வெளியேறிய சொல்லை நாம் திரும்ப நிறத்துக்கே இழுக்கிறோம்.

மிட்சமின் கிரீனைப் பார்த்தால் பொருள் புரியும். மைதானம் சாலைக்கு இந்தப் பக்கம், ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் கட்டடம் அந்தப் பக்கம். மட்டையோடு சாலையைக் கடந்துதான் ஆடப் போக வேண்டும். ஓரத்திலேயே ஊர் நிர்வாகத்துக்காக 1887இல் எழுந்த வெஸ்ட்ரி ஹால். ஆட்டமும் ஊர்க்காரியமும் ஒரே இடத்தைச் சுற்றி. அங்கே இதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஊரார் யாரிடமும் அனுமதி கேட்காமல் இருபது ஆண்டுகள் ஆடிக் களித்த நிலத்தைக் கிரீன் என்று பதிவு செய்ய 2006ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது.

இதைத் தெரிந்த சிலர் ‘ஊர்த்திடல்’ என்கிறார்கள். பசுமையைவிட நூறு மடங்கு மேல். ஆனால் இன்று திடல் என்றால் விளையாட்டுத் திடல், பொதுக்கூட்டத் திடல். நகராட்சி வேலி போட்டுப் பூட்டி வைப்பதும் திடல்தான். ஊராரின் உரிமை அந்தச் சொல்லில் இல்லை. ‘புறம்போக்கு’ என்று எழுதுவோரை ஏற்கவே முடியாது. அது வரிக் கணக்குக்கு வெளியே நிற்கும் அரசு நிலம், வருவாய்த் துறையின் சொல். போதாக்குறைக்கு அதை வசவாகவும் ஆக்கிவிட்டோம். ‘பொது நிலம்’ சரிதான், ஆனால் சுடுகாடும் பொது நிலம்தானே?

மதுரைப் பக்கம் போய்க் கேளுங்கள், ‘மந்தை’ என்பார்கள். காலையில் மாடுகள் ஒன்றுகூடும் இடம், ஊர்க்கூட்டம் போடும் இடம், கூத்து நடக்கும் இடம், பிள்ளைகள் ஆடும் இடம். மந்தையம்மன் என்று சாமிக்கே அந்த இடத்தின் பெயர் உண்டு. மந்தை என்றால் ஆட்டுக் கூட்டம் அல்லவா என்று கேட்பார்கள். சரி, கூட்டத்துக்கும் அது கூடும் இடத்துக்கும் ஒரே சொல் வருவது தமிழில் புதிதா? சென்னையில் மந்தைவெளிக்குப் பேருந்து ஏறுகிறவர்களுக்குக் குழப்பமே இல்லையே. ஐயம் வரும் என்று தோன்றினால் ‘ஊர் மந்தை’ என்று எழுதுங்கள்.

மிட்சமிலேயே ‘காமன்’ என்று தனியாக ஒரு பெரிய வெளி இருக்கிறது. அதையும் ‘பசுமை’ என்றே எழுதிவிடுகிறார்கள். காமன் என்பது வேறு: நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார், மேய்க்கவும் விறகு பொறுக்கவும் மற்றவர்களுக்கு உரிமை இருக்கும். அதற்கு ‘மேய்ச்சல்வெளி’ பொருந்தும். அதே ஊரில் ‘ஃபேர் கிரீன்’ என்று ஓரிடம். ஆண்டுச் சந்தை கூடியதால் வந்த பெயர். அதை ‘நியாயமான பசுமை’ என்று அச்சிட்டதையும் பார்த்துவிட்டேன். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஊரின் படத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே ‘சந்தை மந்தை’ என்று எழுதியிருக்கலாம்.