தீப்பாறையில் தீ எங்கே?

பாடநூல்களில் தீப்பாறை என்று படிக்கிறோம். பழைய நூல்களில் அதுவே அக்கினிப் பாறை. சிலர் அனற்பாறை என்றும் எழுதுவார்கள். மூன்றும் "இக்னியஸ்" என்ற ஆங்கிலச் சொல்லுக்காக வந்தவை. அதன் வேர் "இக்னிஸ்" என்னும் இலத்தீன் சொல், பொருள், நெருப்பு. வடமொழியின் "அக்னி"யும் இந்த "இக்னிஸ்"ஸும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள். ஆகவே அக்கினிப் பாறை என்று எழுதியவர்கள், அறிந்தோ அறியாமலோ, மூலச்சொல்லின் உறவுக்காரியையே அழைத்து வந்திருக்கிறார்கள்.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பாறை உருவாவதில் தீ என்பதே கிடையாது. எரிவதென்றால் ஒரு பொருள் ஆக்சிஜனோடு சேர வேண்டும். பாறையில் உள்ள சிலிக்கானும் இரும்பும் மக்னீசியமும் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்தே இருக்கின்றன. எரிய அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நடப்பது உருகலும் ஆறலும்தான். பூமிக்குள் அழுத்தம் குறையும் இடத்திலோ, நீர் கலந்து உருகுநிலை தாழும் இடத்திலோ, வெப்பம் மிகும் இடத்திலோ பாறை உருகுகிறது. ஏறக்குறைய 700 முதல் 1200 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள அந்தக் குழம்புதான் மாக்மா. கிரேக்கத்தில் இச்சொல் பிசைந்த, கெட்டியான பூச்சுப் பொருளைக் குறித்தது. சந்தனக் குழம்பு என்று சொல்லிப் பழகிய நமக்குப் பாறைக்குழம்பு என்ற பெயர் எவ்வளவு பொருத்தமாக வாய்த்திருக்கிறது! அது வெளியே வழிந்தால் லாவா.

இந்தப் பாறைகள் உருகிய நிலையிலிருந்து வந்தவை என்பதே ஒரு காலத்தில் பெரும் சண்டை. ஜெர்மனியின் நிலவியலாளர் வெர்னர், கிரானைட்டும் பசால்ட் என்னும் கரிய பாறையும் ஆதிக்கடலில் படிந்தவை என்றார். ஸ்காட்லாந்தின் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் 1785இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், வேறு பாறைகளை ஊடறுத்துப் பாய்ந்திருந்த கிரானைட் நரம்புகளைக் கண்டார். குழம்பாக இருந்திருந்தால்தானே இப்படிப் புகுந்திருக்க முடியும்? பிறகு அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹால் பசால்ட்டை உலையில் உருக்கிப் பார்த்தார். சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி. மெல்ல ஆறவிட்டால் மணிமணியாகப் படிகம்.

பாறையை அடையாளம் காணும் சூட்சுமம் இதிலேயே இருக்கிறது. ஆழத்தில் ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆறியது கிரானைட். அதன் மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். இத்தாலிய மொழியில் "கிரானீத்தோ" என்றாலே மணிமணியானது என்றுதான் பொருள். பாதாள தேவன் புளூட்டோவின் பெயரால் இவ்வகையைப் புளூட்டானிக் என்பார்கள். தமிழில் பாதாளப் பாறை. இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மேற்பரப்பில் விரைவாக ஆறிய பசால்ட்டின் மணிகளைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும். இன்னும் வேகமாக ஆறினால் அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி. வாயுக் குமிழிகளோடு உறைந்தால் நீரில் மிதக்கும் நுரைக்கல். பொடி மணிகளுக்கு நடுவே பெரிய படிகங்கள் பதிந்திருந்தால், அந்தக் குழம்பு முதலில் ஆழத்தில் மெல்லவும் பிறகு மேலே விரைவாகவும் ஆறியது என்று கொள்ளலாம். எரிமலைப் பாறை என்ற பெயர் மொத்த வகைக்கும் பொருந்தாதது இதனால்தான்; கிரானைட் எரிமலை வாயையே பார்த்ததில்லை.

அடுத்து நிறம். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா மிகுந்தவை வெளிறியிருக்கும். இரும்பும் மக்னீசியமும் மிகுந்தவை கறுத்து, கனமாக இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் அப்சிடியன் ஏமாற்றிவிடும்: கறுப்பாக இருந்தாலும் அதில் சிலிக்காதான் அதிகம். நாம் கிரானைட்டைக் கருங்கல் என்கிறோம். அதுவோ பெரும்பாலும் சாம்பல் அல்லது இளஞ்சிவப்பு. "கருங்கை" என்பதற்கு வலிய கை என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்வதுபோல், கருங்கல்லை வலிய கல் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம்.

சரியான தமிழ்ச்சொல் எது? பொருளை மட்டும் பார்த்தால் "ஆறிய பாறை" என்று வைத்திருக்கலாம். ஆற்றுப் பாறை என்று படித்துவைப்பார்களோ என்ற பயம்தான். வெம்மையைச் சுட்டுவதால் அனற்பாறை எனக்குப் பிடித்தது. ஆனாலும் பாடநூல் வழக்கில் தீப்பாறை ஊன்றிவிட்டது, அதையே எழுதுவேன்.

கையில் ஒரு கல் கிடைத்தால் முதலில் உடைந்த பக்கத்தைப் பாருங்கள். வெயிலும் மழையும் பட்ட மேற்புறம் பொய் சொல்லும். மணிகள் ஒன்றோடொன்று கோத்துப் பின்னியிருக்கின்றனவா? அடுக்குகளோ புதைபடிவமோ இல்லாமல், பட்டைபட்டையாக வரிகளும் ஓடாமல் இருக்கிறதா? அப்படியானால் தீப்பாறையாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடித் துண்டுபோல் சாம்பல் நிறத்தில் தெரிவது குவார்ட்ஸ், திருப்பும்போது தட்டையாகப் பளிச்சிடுவது பெல்ட்ஸ்பார், நகத்தால் ஏடு ஏடாக உரிவது காக்காப்பொன் என்னும் மைக்கா. மூன்றும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் கிரானைட்தான் என்று சொல்லலாம்.