வெள்ளி அடைப்பை எடுத்தால் எம்.எஸ். குறையுமா?

சில மாதங்களுக்கு முன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் பெண்மணி ஒருவர், நரம்பியல் மருத்துவரின் கோப்போடு வந்து, "டாக்டர், என் வாயில் இருக்கிற நாலு வெள்ளி அடைப்பையும் எடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் பாதரசத்தால்தான் இந்த நோய் வந்தது என்கிறார்கள்" என்றார். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்று அடைப்புகள் கறுத்திருந்தாலும், ஓரங்களில் ஊசிமுனை எங்கும் சிக்காமல் வழுக்கிச் சென்றது. நான்காவது மட்டும் ஓரம் உடைந்து, அதன் அடியில் சொத்தை தொடங்கியிருந்தது.

அவருடைய அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. வெள்ளி அடைப்பில், அதாவது அமால்கத்தில், எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மெல்லும்போதும் பல்லைக் கடிக்கும்போதும் மிகச் சிறிய அளவில் அதன் ஆவி வெளிப்படுகிறது. எம்.எஸ். நோயிலோ, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை நம் உடலின் எதிர்ப்பு மண்டலமே தாக்குகிறது. பாதரசம் நரம்பைக் கெடுக்கும் என்பது தெரிந்ததே என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பு.

ஆனால் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதி செய்யவில்லை. நியூசிலாந்துப் பாதுகாப்புப் படையில் பணியாற்றிய ஏறத்தாழ 20,000 பேரின் பல் சிகிச்சைப் பதிவுகளை அவர்களுடைய நோய்ப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2004இல் வெளிவந்த ஆய்வில், எம்.எஸ். வாய்ப்பு சற்றே கூடியதுபோல் தெரிந்தாலும், அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய வரம்புக்குள்தான் இருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்ட 2007ஆம் ஆண்டு ஆய்விலும் இதே நிலைதான். சிறிய பாதிப்புக்கூட இருக்கவே முடியாது என்று இவற்றை வைத்து நான் சொல்ல மாட்டேன். அடைப்புதான் காரணம் என்று சொல்லவும் இவற்றில் இடமில்லை. மாறாக, அமெரிக்கப் படைவீரர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2022இல் வந்த ஆய்வு, மிகப் பரவலாகக் காணப்படும் எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகு இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதைக் காட்டியது.

பிறகு ஏன் அடைப்பை எடுத்ததும் குணமானதாகச் சிலர் சொல்கிறார்கள்? பெரும்பாலோருக்கு எம்.எஸ். ஏறி இறங்கும் நோய். பார்வை மங்கலும் கால் மரத்துப் போதலும் சில வாரங்கள் வாட்டிவிட்டுத் தானாகவே தணிவதுண்டு. கடுமையாக இருக்கும்போது அடைப்பை எடுத்தவருக்கு, அடுத்து வரும் தணிவு அந்தச் சிகிச்சையின் பலனாகவே தெரியும். இதை நம்பி மருந்தை நிறுத்துவோரை நினைத்தால்தான் எனக்குப் பெரும் கவலை.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் தந்த அறிவுரை இரு பக்கத்தையும் கருதியது: எம்.எஸ். போன்ற நரம்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பை மருத்துவத் தேவை இல்லாமல் அகற்றக் கூடாது. அகற்றத் துளையிடும்போது பாதரச ஆவி தற்காலிகமாக அதிகரிப்பதோடு, நல்ல பல்லும் தேய்ந்து போகிறது.

அந்தப் பெண்மணிக்கு இதையெல்லாம் விளக்கி, உடைந்த நான்காவது அடைப்பை மட்டும், பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டி, நீரைப் பீய்ச்சி, உறிஞ்சு குழாயை அருகிலேயே வைத்து, பொடியாக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். அந்த இடத்தில் காம்போசிட் எனப்படும், பாதரசம் இல்லாத பல் நிற அடைப்பை வைத்தேன். மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றின் ஓரங்களைப் பார்த்துவருகிறோம். நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தையும் அவர் விடாமல் எடுத்துக்கொள்கிறார்.