கண் மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள்

"கண்ணில் மஞ்சளே இல்லையே டாக்டர், அப்புறம் எப்படி லிவர் கெட்டிருக்கும்?" புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. நம் ஊரில் கல்லீரல் நோய் என்றாலே காமாலைதான். ஆனால் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராமைத் தொடும்போதுதான் மஞ்சள் கண்ணில் தெளிவாகத் தெரியும். கல்லீரல் தழும்பேறிக் கெட்டியாவதுதான் சிரோசிஸ். பிலிருபின் ஏறுவதற்குப் பல வருடங்கள் முன்பே அது வந்திருக்கலாம்.

அறுபதை நெருங்கும் ஒரு அம்மா வந்திருந்தார். நெடுநாள் சர்க்கரை நோயாளி, கொஞ்சம் பருமன். காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் எண்பதாயிரத்துக்குக் கீழே இருக்க, டெங்கு என்று நினைத்து வீட்டில் பப்பாளி இலைச்சாறு கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் விட்டது, எண்ணிக்கை மட்டும் ஏறவே இல்லை. டெங்குவில் காய்ச்சல் தணிந்தபின் தட்டணுக்கள் சில நாட்களில் ஏறத் தொடங்கிவிடும். வாரக்கணக்கில் அங்கேயே நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். ஸ்கேனில் மண்ணீரல் பெருத்திருந்தது, கல்லீரலின் ஓரம் கரடுமுரடாக இருந்தது.

கல்லீரல் கெட்டியானால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழையத் திணறும். அந்த அழுத்தத்தில் மண்ணீரல் பெருத்துத் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் ரத்தக் குழாய்கள் புடைக்கும். அவை வெடித்தால் ரத்த வாந்தி வரும், இல்லையென்றால் மலம் தார்போலக் கறுத்துப் போகும். வயிற்றிலும் காலிலும் நீர் கோக்கும்.

அந்த அம்மாவின் மகன், "அம்மா குடிக்க மாட்டாங்களே!" என்றார். மது பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்தாலும் கல்லீரலில் கொழுப்பு படிந்து இதே இடத்துக்கு வரலாம். 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்ற ரிப்போர்ட்டை எல்லாருக்கும் இருப்பதுதானே என்று மடித்து வைத்துவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது பெரிதாக முற்றுவதில்லை. முற்றப்போகிறவர் யார் என்பதை எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி அளவுகள் மட்டும் சொல்லாது. சிரோசிஸிலேயே அவை நார்மலாக இருப்பதுண்டு. அவற்றோடு வயதையும் தட்டணு எண்ணிக்கையையும் சேர்த்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவோம். கல்லீரலின் கெட்டித்தன்மையை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் யாருக்குத் தேவை என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் இந்த ஃபிப்-4 கணக்கைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்தது ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள். பி வைரஸ் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. சி-யைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாக்கிவிடலாம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இரண்டுக்குமே இலவச சிகிச்சை உண்டு.

தண்ணீரில் பரவும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகும். பேரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகும். ஆனால் கர்ப்பிணிக்கு இ வந்தால் உயிருக்கே ஆபத்து. மலம் வெளுத்து உடம்பெல்லாம் அரித்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். இந்த இரண்டிலும் பத்தியம் இருந்து பார்க்க நேரமில்லை. அதேபோல, குழந்தை எலி பேஸ்ட்டைத் தெரியாமல் வாயில் வைத்துவிட்டால், நன்றாகத்தானே விளையாடுகிறது என்று விடாதீர்கள். முதல் ஓரிரு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்து, அப்புறம் கல்லீரல் திடீரென்று செயலிழக்கும். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிரோசிஸ் உள்ளவர் வீட்டில் நான் முதலில் விசாரிப்பது தூக்கத்தைத்தான். பகலெல்லாம் தூங்கி வழிவார், ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பார். பிறகு கையெழுத்து கோணும், கழிவறை எது என்று குழம்புவார். கையை நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல் உள்ளங்கையை நிமிர்த்தச் சொன்னால் மணிக்கட்டு விட்டுவிட்டுத் தொய்யும். கல்லீரல் வடிகட்டாத அம்மோனியா போன்ற கழிவுகள் மூளையைத் தொட்டுவிட்டன என்று பொருள். கிருமித்தொற்று, உள்ரத்தக்கசிவு, சாதாரண மலச்சிக்கல்கூட இதைக் கிளப்பிவிடும். வீட்டிலோ, பாவம் தூங்கட்டும் என்று மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்து நினைவு தப்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குத் தரும் லாக்டுலோஸ் சிரப்பை, வயிற்றால் போகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். போவதற்குத்தான் அது! தினமும் இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போனால் அளவு சரி. தண்ணீராகப் போனால் நிறுத்தாமல், அளவைக் குறைக்க டாக்டரைக் கேளுங்கள். முட்டையையும் பருப்பையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுப்பதும் தப்பு. தசை கரைந்தால் குழப்பம் கூடும். ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்க விடாமல், தூங்கும் முன் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். வயிற்றில் நீர் இருந்தால் குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு.