தொகுப்பா, திரட்டா?

ஐன்ஷ்ட்யூர்ட்செண்டே நொய்பௌடன் என்னும் ஜெர்மானியப் பரிசோதனை ராக் குழுவைப் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றில், 2001இல் வெளியான அவர்களுடைய இரட்டை வட்டு, ‘குழுவின் இறுதிக்காலப் படைப்புகளின் தொகுப்பு இசைத்தொகுப்பு’ என்று அறிமுகம் செய்யப்பட்டிருந்தது. இந்தத் தொடரை வெவ்வேறு குழுக்களுக்கு வெவ்வேறு இடங்களில் ஒட்டவைத்திருப்பதைப் பலமுறை பார்த்துச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘இறுதிக்காலம்’. 1980இல் மேற்கு பெர்லினில் தொடங்கி, துளைப்பொறியையும் இரும்புத் தகட்டையும் சுருள்வில்லையும் வாத்தியங்களாக்கிய அந்தக் குழு இன்றும் இயங்குகிறது. 2024இல்கூடப் புதிய ஆல்பம் வந்தது. ‘கட்டடக்கலைக்கு எதிரான உத்திகள்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர்கள் வெளியிட்ட வரிசையில், 1991 முதல் 2001 வரையிலான பாடல்களைக் கொண்ட மூன்றாம் வட்டுதான் கட்டுரை சொல்லும் இந்த இரட்டை வட்டு. 2002 முதல் 2010 வரையிலானவற்றைக் கொண்ட நான்காம் வட்டு அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்தது. உயிரோடிருப்பவர்களுக்கு இறுதிக்காலம் குறித்துக் கொடுப்பது சோதிடர் வேலை. தமிழில் இதற்குப் ‘பிற்காலம்’ என்ற சொல் பழகிக் கிடக்கிறது. பிற்காலச் சோழர் என்றால் விசயாலயன் தொடங்கி இராசராசன், இராசேந்திரன் முதலியோர். அவர்களை இறுதிக்காலச் சோழர் என்று பள்ளிப் பிள்ளைகூட எழுதாது.

இனி, ‘தொகுப்பு இசைத்தொகுப்பு’ என்று பெயர்க்கப்பட்ட ‘கம்பைலேஷன் ஆல்பம்’ என்னும் ஆங்கிலச் சொற்கள். ஆல்பம் என்பது இலத்தீனில் அறிவிப்பு எழுதும் வெள்ளைப் பலகை. பின்பு படம் ஒட்டும் ஏடாகி, பழைய இசைத்தட்டுகளை உறையிட்டு வைத்த புத்தகமாகி, இறுதியில் இசைக்கே பெயராயிற்று. கம்பைலேஷன் என்பதன் இலத்தீன் வேருக்குக் கொள்ளையடித்தல் என்று பொருள். மொழிபெயர்ப்பாளர்கள் இதை அறிந்திருந்தால் ‘கொள்ளை வட்டு’ என்றே ஆக்கியிருப்பார்கள்.

சிக்கல் ‘தொகுப்பு’ என்னும் சொல்லில் இருக்கிறது. ஆல்பத்தை இசைத்தொகுப்பு என்று ஆக்கிவிட்டோம். திரைப்படத்தை வெட்டி ஒட்டுபவர் படத்தொகுப்பாளர், தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துபவர் தொகுப்பாளர், கட்டுரைகளைச் சேர்த்தால் கட்டுரைத் தொகுப்பு. இத்தனை வேலை பார்த்துக் களைத்துப்போன சொல்லின் தலையில் கம்பைலேஷனையும் ஏற்றியதன் விளைவுதான் ‘தொகுப்பு இசைத்தொகுப்பு’. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கு ஒரே இடத்தில் இரண்டு முறை தடுக்கி விழும். பொருளும் தெளிவில்லை: புதிதாகப் பதிவு செய்த பத்துப் பாடல்களைச் சேர்த்ததும் தொகுப்பு, இருபது ஆண்டுப் பாடல்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததும் தொகுப்பு என்றால், வாங்குபவர் எதை எதிர்பார்த்து வாங்குவார்?

‘தொகை’ என்று சொல்லலாமே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். இலக்கண பலமுள்ள வாதம்தான். ‘ஒருவ ருரைத்தவும் பல்லோர் பகர்ந்தவும்’ (ஒருவர் பாடியதும் பலர் பாடியதும்) தொகைநிலைச் செய்யுளாகும் என்ற அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், பொருள், இடம், காலம், தொழில் என்று தொகுக்கும் வழிகளையும் அடுக்குகிறது. ஒரே குழுவின் பாடல்களைக் காலவரையறை செய்து சேர்த்ததற்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடைக்காது. ஆனாலும் இன்றைய தமிழில் தொகை என்றதும் எட்டுத்தொகையை நினைப்பவர் சிலர், காசோலையை நினைப்பவர் பலர். ‘இசைத்தொகை’ என்றால் பாடகருக்குச் சேரவேண்டிய பணம் என்றே படுகிறது. இந்தக் குழுவின் பாடகர் பிளிக்ஸா பார்கெல்ட் சூட்டிக்கொண்ட பெயரின் பின்பாதிக்கு ஜெர்மன் மொழியில் ரொக்கம் என்று பொருள் என்பதால், அவருக்கு வேண்டுமானால் இது பொருந்தும்.

‘சேகரிப்பு’ அதைவிட மோசம். அது கேட்பவர் அலமாரியில் இருப்பது, குழு வெளியிடுவதன்று.

நான் சொல்வது ‘திரட்டு’. மோரில் பரந்து கிடக்கும் வெண்ணெய் மத்தின் சுழற்சியில் ஓரிடத்தில் கூடி உருளுவது திரளுதல். அப்படிக் கூட்டுவது திரட்டுதல். பல இடத்தில் சிதறிக் கிடப்பதும், அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுப்பதும் ஆகிய இரண்டு பொருளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. புறத்திரட்டு என்ற பெயரே சான்று. பல நூல்களிலிருந்து பாடல்களை எடுத்துச் சேர்த்த அந்நூல் இல்லையென்றால், முத்தொள்ளாயிரத்தில் இன்று நாம் படிக்கும் பாடல்களில் பெரும்பாலானவை மண்ணோடு போயிருக்கும். இணையத்தில் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டிய தளங்களுக்குத் ‘திரட்டி’ என்று பெயரிட்டவர்களுக்கும் இந்த நுட்பம் பிடிபட்டிருந்தது. நொய்பௌடன் குழுவின் நான்காம் வட்டுக்கு இச்சொல் இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. 2002 முதல் அவர்கள் முன்பணம் கட்டிய ஆதரவாளர்களுக்கென்றே தனியாகப் பதிவுகளை வெளியிட்டு வந்தார்கள். கடைக்கு வராத அத்தகைய பாடல்களில் சில, மற்றவர் கைக்கு எட்டியது இந்த வட்டின் வழியாகத்தான்.

‘நிதி திரட்டு, ஆள் திரட்டு என்பதுபோல ஒலிக்கிறதே’ என்று மறுப்பவர் உண்டு. ஏவல் வினையும் பெயரும் ஒரே வடிவில் வருவது தமிழில் புதிதன்று; ‘பாட்டு’ என்று யாரேனும் சொன்னால், எதைப் பாட்டுவது என்று நாம் கேட்பதில்லை. ‘பாட்டு’ ஏவலே அன்று என்று இலக்கணம் படித்தவர் சண்டைக்கு வருவதற்குள், ‘கட்டு’, ‘வெட்டு’, ‘பூட்டு’ மூன்றையும் அவர் முன் வைத்துவிடுகிறேன்.

குழுவின் பெயரையும் அந்தக் கட்டுரை விட்டுவைக்கவில்லை. ‘இடிந்த புதிய கட்டடங்கள்’ என்றிருந்தது. ஜெர்மன் மூலத்தில் இருப்பது நிகழ்கால எச்சம். கட்டடம் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. ‘இடிந்துவிழும் புதுக்கட்டடங்கள்’ குழுவின் பிற்காலத் திரட்டு என்று எழுதியிருந்தால் ஐந்து சொற்களில் காரியம் முடிந்திருக்கும்.